ஆளுநரின் கொல்லைப்புறத்தில் மிஞ்சிய காடு

சென்னையின் சர்தார் படேல் சாலையில் கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிப் போகிறவர்களுக்கு, வலப்பக்கம் நீளும் கிண்டி தேசியப் பூங்காவின் மதிலும் அதன்மேல் எட்டிப் பார்க்கும் கிளைகளும் பழகிப்போன காட்சி. பள்ளிச் சுற்றுலாவில் மான் பார்த்துவிட்டு வந்த இடம் என்பதற்கு மேல் நானும் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் யோசித்ததில்லை. மதிலுக்குப் பின்னால் இருப்பது யாரோ நட்டு வளர்த்த பூங்கா அன்று, மதராசப்பட்டினம் தோன்றுவதற்கு முன்பே இங்கிருந்த காட்டின் மிச்சம் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிய வந்தது.

காடு என்றதும் நம் மனத்தில் எழுவது மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுமரங்கள். அந்தக் கண்ணோடு கிண்டிக்குள் நுழைபவர் இதைப் புதர் என்றே சொல்லிவிடுவார். சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு இது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, எஞ்சிய மாதங்களின் வெயிலைத் தாங்கி நிற்க வேண்டியிருப்பதால், இதன் மரங்கள் அதிக உயரம் போவதில்லை. இலைகள் சிறுத்தும் தடித்தும் இருப்பதால் கோடையிலும் முற்றாக உதிர்வதில்லை. முன் அனுமதி பெற்ற ஒரு சிறு குழுவோடு உள்ளே சென்ற அன்று, பாதையோரச் சிறுகளாவின் காய் ஒன்றைக் கிள்ளிய என் விரலில் வெள்ளைப் பால் பிசுபிசுத்தது. கையை இழுக்கும்போது அதன் இரட்டை முட்கள் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டன. சாலையின் ஹாரன் ஒலி அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இக்காட்டைக் காடு என்பதற்காக நெடுங்காலம் யாரும் காக்கவில்லை. 1672 முதல் 1678 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன், புனித ஜார்ஜ் கோட்டையின் நெருக்கத்திலிருந்து விலகி ஓய்வெடுக்க இங்கே ஒரு தோட்ட மாளிகை கட்டினார். மிச்சமிருந்த காட்டை 1821-இல் அரசு ஓர் ஆங்கிலேயரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. சுற்றிலும் இருந்த இதே வகைக் காடுகள் விறகாகவும் வயலாகவும் மனையாகவும் கரைந்துகொண்டிருந்தபோது, ஆளுநரின் கொல்லைப்புறத்தில் கோடரியோடு நுழைய எவரும் துணியாததால் இது மட்டும் தப்பியது. ஊர்மக்களை வெளியே நிறுத்திய அதிகாரம்தான் மரங்களையும் காத்தது என்பது எனக்கு அவ்வளவு உவப்பான உண்மை அன்று. ஆயினும் உண்மை அதுவே. 1910-இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 505 ஹெக்டேர் இருந்தது.

விடுதலைக்குப் பின் அந்தக் கொல்லைப்புறம், நிலம் தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கையிருப்பாயிற்று. 1956-இல் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது, 1958-இல் ஐ.ஐ.டி.க்காக ஒரு பகுதி போயிற்று. அதே ஆண்டில் நேருவின் முயற்சியால் இன்னொரு பகுதி, மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைக்க வனத்துறைக்குக் கிடைத்தது. 1961-க்கும் 1977-க்கும் இடையே மட்டும், கல்வி நிறுவனங்களுக்கும் நினைவகங்களுக்குமாக 172 ஹெக்டேர் அளவுக்குக் கைமாறியது. எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நினைவகம் வேண்டாம், கல்லூரி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்ததால்தான் காட்டின் பக்கம் நின்று பேச ஆளில்லாமல் போயிற்று.

எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜ்பவனுக்கும் பூங்காவுக்கும் ஐ.ஐ.டி.க்கும் நடுவே மதில்கள் எழுந்தன. ஆக்கிரமிப்பைத் தடுக்க மதில் தேவைதான். ஆனால் அவை எழுந்தபின், ஒரே நிலமாகத் திரிந்த வெளிமான்களின் உலகம் துண்டுகளாயிற்று.

வெளிமான் என்ற பெயரே அதன் தேவையைச் சொல்லிவிடுகிறது: அது புல்வெளியில் வாழும் மான், ஆபத்தை நெடுந்தொலைவிலேயே கண்டு, ஓட்டத்தையே நம்பித் தப்புவது. சங்கப் பாடல்களில் வரும் முறுக்குக் கொம்பு இரலை இதுதான். கிண்டியில் அதற்கு வாய்த்த நல்ல வெளி, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற போலோ மைதானம். அந்த வெளியையும் சீமைக் கருவேலும் புதர்களும் மெல்ல மூடுகின்றன. நாற்பதுகளில் கொண்டுவந்து விடப்பட்டதாகக் கருதப்படும் புள்ளிமான்களோ நிழலிலும் வாழத் தெரிந்தவை, ஆகையால் பெருகிவிட்டன. மரம் வெட்டினால் கோபப்படும் நகரவாசியிடம், இந்த இடத்தில் சில மரங்களை வெட்டுவதே காட்டுக்கு நல்லது என்று விளக்குவது எளிதன்று. நானே அதை ஏற்கச் சில காலம் பிடித்தது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இங்கேயும் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. நான் போன அன்று, மக்கிக்கொண்டிருந்த ஓர் அடிமரத்துக்கு அப்பால், புல் தெரிந்த சிறு திறப்பில், முதுகு கறுத்த ஆண் வெளிமான் ஒன்று தனியாக நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் நாலு துள்ளலில் மதில்வரை ஓடி, அங்கே திரும்பி நின்றது.