நான் ஏற்காத வழக்குக்காக என்மீது வந்த புகார்

நான் கையில் எடுக்கவே இல்லாத ஒரு வழக்குக்காக என்மீது வழக்கறிஞர் கட்டொழுங்கு வாரியத்தில் புகார் கொடுத்தார்கள். அது எப்படி வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை இப்போதுதான் தனியாக அலுவலகம் திறக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். தொழில் ஆபத்து என்றதும் நம்மில் பலருக்கும் கட்சிக்காரர் (நம்மிடம் வழக்கை ஒப்படைப்பவர்) பணக் கணக்கும் கையாடலும்தான் நினைவுக்கு வருகின்றன. கட்சிக்காரர் ஆகாமலே வாசலோடு திரும்பிப் போனவர் வழியாகவும் ஆபத்து வரும். அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பினாங்கு லைட் சாலை உயர்நீதிமன்றத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் என் அலுவலகம். நானும் ஓர் இளம் வழக்கறிஞரும் இரண்டு குமாஸ்தாக்களும் இருக்கிறோம். ஒரு நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி ஓர் அம்மாள் வந்தார். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிய மகனை லாரி மோதிவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. அந்தப் பையனின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

“ஆறு வருடம் அவகாசம் இருக்கிறதாமே, லோயரம்மா. அதனால்தான் அவசரப்படவில்லை” என்றார்.

இந்த ஆறு வருடக் கணக்கு நம் மக்களிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. மலேசியாவின் 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் ஒப்பந்த மீறலுக்கும் கவனக்குறைவுக்கும் 6 ஆண்டுகள் தருவது உண்மைதான். விபத்தில் கால் முறிந்து பிழைத்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் இறந்தவரை நம்பி வாழ்ந்த பெற்றோர், மனைவி, பிள்ளைகள் கேட்கும் இழப்பீடு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆவது பிரிவில் வருகிறது. அதற்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் மட்டுமே. ஒரு நாள் தாண்டினாலும் கதவு சாத்தப்பட்டுவிடும். மோதியது அரசாங்க வாகனமாக இருந்தால் உயிர் பிழைத்தவருக்கும் 36 மாதங்கள்தான். அது 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம். காப்பிக் கடையில் கேட்ட ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் உரிமையை இழந்துவிடுகின்றன. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கதை கேட்பதற்கு முன்பே சம்பந்தப்பட்ட எல்லோருடைய பெயர்களையும் வாங்கிப் பழைய கோப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த அம்மாள் கொண்டுவந்த போலீஸ் புகாரிலிருந்து லாரி உரிமையாளரின் பெயரைக் குமாஸ்தா தட்டினார். அவருக்கு நாங்கள் ஒரு வாடகைத் தகராறில் ஆஜராகிக்கொண்டிருந்தோம். விபத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தாலும் கட்சிக்காரராக இருப்பவர்மீதே வழக்குப் போட முடியாது. அந்த அம்மாளிடம் காரணத்தையும் சொல்ல முடியாது, ஏனென்றால் லாரிக்காரர் எங்களிடம் வந்திருக்கிறார் என்பதே இரகசியம். “உங்கள் வழக்கை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன், அம்மா. இன்றைக்கே வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். பலரும் அப்படித்தான் விடுகிறார்கள். வழக்கறிஞர் ஆவதற்கு முந்திய ஒன்பது மாதப் பயிற்சியில் என் மாஸ்டர், அதாவது எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த வழக்கறிஞர், எனக்குள் ஊறவைத்த பழக்கம் வேறு: ஏற்காத வழக்குக்குக் கடிதம் கொடுக்காமல் யாரையும் அனுப்பாதே. நான் வழக்கை ஏற்கவில்லை, உங்களுக்காக எந்த நடவடிக்கையும் எடுக்கமாட்டேன், மகன் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாக வேண்டும், அந்தக் கெடு இந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதினேன். வழக்கு வெல்லுமா தோற்குமா என்று ஒரு சொல்கூட எழுதவில்லை.

தேதியைச் சொல்வதே என் கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்ற கேள்வி எனக்குள் எழாமல் இல்லை. யோசித்துப் பார்த்தேன். சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் காலக்கெடு யாருடைய இரகசியமும் அல்ல. லாரிக்காரர் என்னிடம் சொன்ன எதையும் நான் பயன்படுத்தவில்லை. ஒரு தாயைக் கெடு தெரியாமல் அனுப்பிவைப்பது என் கடமையாக இருக்கவே முடியாது என்று முடிவு செய்தேன். இன்றும் அந்த முடிவில்தான் நிற்கிறேன்.

கடிதத்தை மலாயிலும் தமிழிலும் தட்டச்சு செய்து, குமாஸ்தா அவருக்கு முன்னால் வாசித்துக் காட்டினார். அலுவலகப் பிரதியின் அடியில் அந்த அம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நிறுத்தி நிறுத்தி எழுதினார். ‘ள்’ மேலே வைத்த புள்ளி தாளைத் துளைத்துவிட்டது. போலீஸ் புகார், மரணச் சான்றிதழ், சவப் பரிசோதனை அறிக்கை மூன்றின் மூலப்பத்திரங்களையும் திருப்பிக் கொடுத்து அதற்கும் ஒப்பம் வாங்கினோம். இன்னொரு பிரதியை, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கும் ஏ.ஆர். பதிவுத் தபாலில் வீட்டுக்கும் அனுப்பினோம். எல்லாம் ‘ஏற்காதவை’ என்ற கோப்பில் ஏறியது.

சில ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து வாரியத்தின் கடிதம் வந்தது. இறந்த பையனின் அண்ணன் புகார் கொடுத்திருந்தார். நான் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் காலத்தைக் கடத்திவிட்டேனாம். அதனால் குடும்பத்துக்கு இழப்பீடு போய்விட்டதாம். எழுத்து மூலம் விளக்கம் கொடு என்று வாரியம் கேட்டிருந்தது. இந்த வாரியம் 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் கீழ் இயங்குவது. கண்டிக்கலாம், அபராதம் போடலாம், 5 ஆண்டுகள் வரை தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். படித்துக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கியது.

அன்றே பதில் எழுதாமல் இரண்டு வேலைகளைச் செய்தேன். முதலாவது, காப்புறுதித் தரகு நிறுவனத்துக்குத் தகவல். நம் தொழில் தவறால் பிறர் கேட்கும் இழப்பீட்டுக்கான தொழில் இழப்பீட்டுக் காப்புறுதி 1992 முதல் நமக்குக் கட்டாயம்; அது இல்லாமல் தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழ் கிடையாது. ஆண்டுதோறும் சந்தா கட்டும் பலர் அதன் நிபந்தனைகளைப் படிப்பதே இல்லை. செயல் நடந்த ஆண்டின் காப்புறுதி அல்ல, கோரிக்கை வந்த ஆண்டின் காப்புறுதிதான் பதில் சொல்லும். அதனால் கோரிக்கை வரக்கூடும் என்று தெரிந்த உடனேயே தெரிவிக்க வேண்டும். புகார்தானே, யாரும் பணம் கேட்கவில்லையே என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வக்கீல் நோட்டீஸ் வரும்போது ஓடினால், தெரிந்தே மறைத்தாய் என்ற கேள்வி எழும். தெரிவித்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; தவறை ஒப்புக்கொண்டோ பேரம் பேசியோ யாருக்கும் எதுவும் எழுதக்கூடாது.

இரண்டாவது, மாஸ்டரைப் பார்க்கப் போனேன். நீதிமன்றத்தின் அருகே லோகன் நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் 1869இல் இறந்த வழக்கறிஞர். வெள்ளைக்காரர் அல்லாத மக்களின் உரிமைக்காகப் பேசியவர் என்பதற்காக ஊர் எழுப்பிய சின்னம் அது. பினாங்கில் தொழில் செய்பவர்கள் அதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மாஸ்டர் என் வரைவைப் படித்துவிட்டு, புகார்தாரரின் நோக்கத்தைப் பற்றிய பத்திகளை எல்லாம் அடித்தார். “அவர் ஏன் புகார் கொடுத்தார் என்று உன்னிடம் யாரும் கேட்கவில்லை, அம்மா. என்ன நடந்தது என்று கேட்கிறார்கள்” என்றார். தேதி வாரியாக நடந்தவை, ஒவ்வொன்றுக்கும் இணைப்பு, வாசித்துக் காட்டிய குமாஸ்தாவின் சத்தியப் பிரமாணம். விளக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான்.

வழக்கை ஏன் மறுத்தேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் சிக்கல். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு காக்கும் இரகசியம் கட்சிக்காரருடையது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை நானாக அவிழ்க்க முடியாது. லாரி உரிமையாளரை அழைத்து நிலைமையை விளக்கி, அவர் எங்கள் கட்சிக்காரர் என்ற ஒரு செய்தியை மட்டும் வெளியிட எழுத்து மூலம் சம்மதம் வாங்கினேன். அவர் மறுத்திருந்தால் காரணம் சொல்லாமலே பதில் போயிருக்கும். அந்த அம்மாள் அன்று என்னிடம் கொட்டிய வீட்டுக் கதைகளும் விளக்கத்தில் இல்லை. அவர் கட்சிக்காரர் ஆகவில்லை, ஆனாலும் நம்பிச் சொன்னவர்.

இதற்கிடையில் கோயில் நிர்வாகத் தலைவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல மனிதர், இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்தவர். “தங்கச்சி, பாவப்பட்ட குடும்பம். ஓர் ஐயாயிரம் வெள்ளி கொடுத்துவிடு, நான் பேசிப் புகாரை வாபஸ் வாங்க வைக்கிறேன்” என்றார். நம் சமூகத்தில் இப்படித்தான் பல தகராறுகள் தீர்கின்றன, அதில் நன்மையும் உண்டு. இங்கே அது நடக்காது. பணம் கொடுத்தால் தவறு செய்தேன் என்று ஆகும், காப்புறுதியும் கைகழுவிவிடும். புகாரைப் பணம் கொடுத்து வாபஸ் வாங்க வைத்ததே தனிக் குற்றச்சாட்டாக வந்து நிற்கும். “அண்ணே, புகார் கொடுப்பது அவர்கள் உரிமை. வாரியம் பார்த்துக்கொள்ளட்டும்” என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு வருத்தம்தான். புகார்தாரரோடு நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு காத்திருப்பு. புகாரில் சாரம் இருப்பதாக வாரியம் கருதினால் மூவர் கொண்ட குழு விசாரிக்கும். இரண்டு வழக்கறிஞர்கள், ஒருவர் பொதுமக்களிலிருந்து. அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டேன். அந்த மாதங்களில் இரவில் தூக்கம் கெட்டது, பகலில் வேலை நின்றுவிடவில்லை. கடைசியில் புகாரில் சாரமில்லை, தள்ளுபடி என்று கடிதம் வந்தது. விசாரணைக் குழுவரை போகவே இல்லை. காப்பாற்றியது அந்த ஒப்பமிட்ட பிரதியும் தபால் சீட்டும்தான். நினைவிலிருந்து மட்டும் பேசியிருந்தால், என் வார்த்தைக்கு எதிராக ஒரு தாயின் வார்த்தை நின்றிருக்கும்.

என்னிடமிருந்து போன பிறகு நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனைப் பக்கம் திரியும் தரகர் ஒருவர், “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கிடைப்பதில் பங்கு கொடுத்தால் போதும்” என்று பத்திரங்களை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆள்பிடித்து வழக்கு வாங்குவது நம் ஒழுக்க விதிகளில் தடை. ஜெயித்தால் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதைச் சட்டத் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படியிருந்தும் தரகர்களுக்கு வேலை கொடுப்பவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். அந்த அண்ணனின் கோபம் நியாயமானது, அது வந்து சேர்ந்த இடம்தான் தவறு. குடும்பத்துக்குப் போனது போனதுதான். நான் புகாரிலிருந்து தப்பியதால் அந்த அம்மாளுக்கு ஒரு காசும் திரும்பி வரவில்லை. இது என்னை இன்னும் உறுத்துகிறது.

இப்போது எங்கள் மறுப்புக் கடிதத்தில் கெடு முடியும் தேதி மேலே தனி வரியில், பெரிய எழுத்தில் தமிழில் இருக்கும். பினாங்கு சட்ட உதவி மையத்தின் முகவரியும், தரகரிடம் மூலப்பத்திரங்களைக் கொடுக்க வேண்டாம் என்ற ஒரு வரியும் சேர்ந்திருக்கின்றன. கெடுவுக்கு மூன்று மாதம் முன்பு குமாஸ்தா ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, தேதியை மட்டும் நினைவூட்டி, அழைத்த நேரத்தைக் கோப்பில் குறிப்பார். அண்மையில் அப்படி அழைத்தபோது பிறையிலிருந்து பேசிய ஒரு பெண், இன்னும் யாரையும் பார்க்கவில்லை, பத்திரங்கள் மாமா வீட்டில் இருக்கின்றன என்றார். அந்த வாரமே பத்திரங்களோடு சட்ட உதவி மையத்துக்குப் போயிருக்கிறார். கெடுவுக்குள் வழக்குப் பதிவாகிவிட்டது.