தோட்டத்துச் சாளைக்கு ஒரு துப்பாக்கி

2024 நவம்பருக்குப் பிறகு, கொங்குப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில், எங்கள் பேச்சில் தோட்டத்துச் சாளைகளில், யாரும் பழையபடி தூங்குவதில்லை. அந்த மாதம்தான் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். சில மாதங்களில், சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த ஒரு முதிய தம்பதி. போலீசார் ஆட்களைப் பிடித்தார்கள், இரவு ரோந்தும் வந்தது. ஆனாலும் அடுத்த வீட்டு விளக்கு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கிற இடத்தில், மாமியாரோடு இரவு முழுக்கத் தனியாக இருப்பவளுக்கு ரோந்து வாகனத்தின் சத்தம் எவ்வளவு நேரத்துக்குத் தெம்பு தரும்? என் கணவருக்குப் பனியன் கம்பெனியில் பெரும்பாலும் இரவு வேலை. எங்கள் பட்டியில் ஏற்கெனவே ஆடு திருடு போயிருக்கிறது, கிணற்று மோட்டாரின் கேபிளையும் அறுத்திருக்கிறார்கள். துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தேன்.

நாய், கம்பிக் கதவு, சுற்றிலும் விளக்கு, கேமரா எல்லாவற்றையும் போட்ட பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விசாரணைக்கு வந்த ஆய்வாளரும் முதலில் அவற்றைத்தான் சுற்றிப் பார்த்தார்.

உரிமம் யார் பெயரில் என்பதில்தான் முதல் வாக்குவாதம் வந்தது. "வீட்டுக்காரர் பெயரில் கேட்டால் என்னம்மா?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். "அவர் ராத்திரியில் கம்பெனியில் இருக்கிறாருங்க. அவர் பெயரில் இருக்கிற துப்பாக்கி எனக்கு எதற்குங்க?" என்றேன். ஆயுத உரிமம் குடும்ப அட்டை இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எடுக்கலாம், உரிமம் இல்லாதவர் வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். வீட்டில் இருக்கப்போகிறவர் யாரோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்காமல் ஆண்கள் பெயரில் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய.

மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் உரிமம் தருபவர் காவல் ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். படிவம் ஏ-1, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடலும் மனமும் நலமாக இருப்பதாக மருத்துவர் தரும் சான்று, துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று என்று காகிதங்கள் சேர்க்க வேண்டும். பிறகு கோப்பு ஒரு பக்கம் வருவாய்த் துறையிலும் இன்னொரு பக்கம் காவல் துறையிலும் நடக்கிறது. நடக்கிறது என்பதைவிட உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது என்று சொல்லலாம். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் ஒரு வழி. காவல் நிலையத்திலிருந்து கண்காணிப்பாளர் அலுவலகம் வரை இன்னொரு வழி. எல்லா மேசையிலும் கேள்வி ஒன்றுதான்: என்ன தேவை? "பயமாக இருக்கிறது" என்பது பதில் இல்லை. ஆடு போனபோது கொடுத்த புகாருக்கு வாங்கி வைத்த சி.எஸ்.ஆர். ரசீதுதான் என் கோப்பில் பேசிய காகிதம். சிறு திருட்டாக இருந்தாலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

பயிற்சிச் சான்றுக்காக ரைபிள் கிளப்புக்குப் போனேன். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று போனவளை, பத்து மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிள் பிடித்துக்கொண்டது.

அந்த விளையாட்டின் இலக்கைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லி மீட்டர். சுடுகிற பெல்லட்டின் அகலமோ நாலரை மில்லி மீட்டர். ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அதைத் தோளில் வைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, தசையை நம்பாமல் எலும்பின் மேல் எடையை நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்துகிறோம் என்று விரலுக்கே தெரியாமல் அழுத்த வேண்டும். போட்டியில் இப்படி அறுபது தடவை, நேரம் ஒன்றேகால் மணி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். ஏர் பிஸ்டலையும் பிடித்துப் பார்த்தேன். ஒரே கையை நீட்டிச் சுடுவது. ஒன்றரை கிலோவுக்கு மேல் போகாத கருவிதான், ஆனால் என் மணிக்கட்டின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது இலக்கில் எழுதிக் காட்டியது. ரைபிளே எனக்கு ஒத்து வந்தது.

விளையாட்டுக்கு மட்டும் துப்பாக்கி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழலின் உள்ளளவு .177 அங்குலத்துக்கு மேற்படாமலும், குழல் வாயில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாமலும் இருந்தால் போதும். போட்டி ரைபிள் அதில் பாதியைக்கூட எட்டாது. தொடக்கத்தில் கிளப் ரைபிளிலேயே பழகுங்கள். தோள், கழுத்து, கை நீளம் எல்லாம் அவரவருக்கு வேறு. தோளில் பதியும் அடிக்கட்டையின் நீளத்தையும் கன்னம் பதிகிற மேட்டையும் திருகி மாற்ற முடிகிற ரைபிளாகப் பார்த்துப் பிறகு வாங்கலாம். ஜெர்மன் ரைபிள்கள் நல்லவைதான், விலையும் ஜெர்மன் விலைதான். தொடங்குபவர்களுக்கு இந்தியத் தயாரிப்பு போதும் என்பது என் கட்சி.

"வீட்டுக்கும் இதையே வைத்துக்கொண்டால் என்ன?" என்று கணவர் கேட்டார். வருகிறவனை இது நிறுத்தாது, கோபப்படுத்தும். கண்ணில் பட்டால் கண் போகும். பாதுகாப்புக்கும் ஆகாது, பொம்மையும் இல்லை. சரி, விளையாட்டுத் துப்பாக்கியிலேயே பெரியது எடுக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட, பறக்கும் மண் தட்டை அடிக்கும் டிராப் பிரிவில் சுடுவது 12 போர் (குழல் அளவைச் சொல்லும் எண்) துப்பாக்கியால்தான். தோட்டத்து வீடுகளில் இருக்கும் அதே 12 போர். ஆனால் டிராப் துப்பாக்கி மேல்கீழாக அடுக்கிய நீளக் குழல்களோடு, எழும்பிப் பறக்கும் மண் தட்டை அடிக்கத் தோதாகக் கொஞ்சம் மேலே சுடும்படி செய்யப்பட்டது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் அதைத் திருப்பவே முடியாது. இரண்டு தேவைக்கும் ஒரே துப்பாக்கி என்ற கணக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு என்று வந்தபோது கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது .32 ரிவால்வர். 9 எம்.எம்., .38, .303 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகங்கள். நம் போன்றவர்களுக்குக் கிடைக்காது. அதனால் கைத்துப்பாக்கி என்றால் .32 பக்கம்தான் வந்து நிற்க வேண்டும். இறக்குமதி 1980-களிலேயே நின்றுவிட்டதால், நம் தாத்தா காலத்து அயல்நாட்டு ரிவால்வருக்கு இன்றைக்கு நிலம் வாங்குகிற விலை சொல்கிறார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கு என்றே 'நிர்பீக்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. எடை அரைக் கிலோ, அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். "பெண்களுக்கு ஏற்றது, கைப்பையில் வைக்கலாம்" என்றார் கடைக்காரர். நான் கைப்பையோடு எங்கேயும் போகவில்லை, வீட்டில் இருக்கிறேன். காலி ரிவால்வரின் விசையை இழுத்துப் பார்த்தேன். தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்கும் அந்த நீண்ட இழுப்பில் குழல் முனை நன்றாகவே ஆடியது. பத்து மீட்டரில் ஐந்து கிலோ ரைபிளை நிறுத்த எவ்வளவு பாடு என்று தெரிந்தவளுக்கு, குட்டைக் குழலை இருட்டில் நடுங்கும் கையால் குறிவைக்கலாம் என்று யாரும் சொல்லி நம்ப வைக்க முடியாது. வாரம் தவறாமல் பழகுகிறவர்களின் கருவி அது.

இரட்டைக் குழல் 12 போர் என் முடிவு. காரணம் அதன் சக்தி மட்டும் இல்லை. குழலை மடக்கினால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சிக்கிக்கொள்ள இயந்திரம் எதுவும் இல்லை. குறைகளும் உண்டு: நீளம், மூன்று கிலோ அளவு எடை, தோளில் நல்ல உதை, இரண்டே தோட்டா.

வாங்கும்போது நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு எடுத்துக் கண்ணைத் திறங்கள். குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு மணி நேராகத் தெரிந்தால் அடிக்கட்டை உங்கள் அளவு. எனக்கு அது தோளிலேயே உட்காரவில்லை, ஆண்களின் கை நீளத்துக்குச் செய்தது. கட்டையைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஆசாரிக்கு அது பெரிய வேலை இல்லை, கேட்பவர்கள்தான் குறைவு. மடக்கிப் பூட்டும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, குழலுக்குள் அரிப்பு, பள்ளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பழைய துப்பாக்கி என்றால், குழலுக்குள் தோட்டா உட்காரும் அறையின் நீளம் மிக முக்கியம். 65 மில்லி மீட்டர் அறை கொண்ட துப்பாக்கியில் 70 மில்லி மீட்டர் தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் மேல் அடித்திருக்கும் எண்ணைக் கடைக்காரரோடு சேர்ந்து படியுங்கள்.

தோட்டா பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: டபுள் பேரல் என்றால் பால்ரஸ் குண்டு வீடு முழுக்கப் பரவும், குறியே வேண்டாம் என்று. கூடத்து நீளத்தில் அது ஒரு உள்ளங்கை அகலத்துக்குத்தான் பரவும். குறி வைத்தே ஆக வேண்டும். எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது பெரிய குண்டுகள். மெல்லிய கதவும் கூரை ஓடும் அதைத் தடுக்காது. அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்காகவே அத்தையின் கட்டிலை இடம் மாற்றினோம்.

அத்தைக்கு இந்தத் துப்பாக்கியே பிடிக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "சாவி யார்கிட்ட இருக்கும் கண்ணு?" கண்காணிப்பாளர் அலுவலகத்தில்கூட அவ்வளவு சரியான கேள்வி வரவில்லை. சுவரோடு போல்ட் அடித்த இரும்பு அலமாரியில் துப்பாக்கி, வேறு பூட்டில் தோட்டா, இரண்டு சாவியும் என்னிடம். பூட்டித் திறக்க நேரமாகுமே என்பார்கள். ஆகும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுப்பது நாயும் கம்பிக் கதவும்.

சட்டத்தையும் படித்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. இரவில் வீட்டை உடைத்து உள்ளே வருவது, கொள்ளை போன்றவற்றில் அந்த உரிமை உயிரைப் பறிக்கும் அளவுக்கும் நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற 37-ஆவது பிரிவு எப்போதும் கூடவே நிற்கும். ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீங்கள்தான் கைதி. தேங்காய் திருடனுக்கும் இது இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மயிலை விரட்ட இரவல் கேட்டார். மயில் தேசியப் பறவை, துப்பாக்கி என் பெயரில், போங்க மாமா என்று அனுப்பிவிட்டேன்.

உரிமம் கைக்கு வந்ததும் எண்களைச் சரிபாருங்கள்: தனி அடையாள எண், துப்பாக்கியின் எண், ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய தோட்டா, ஆண்டுக்கு வாங்கக்கூடிய தோட்டா. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்வார்கள். முதியவர் ஒருவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் துண்டில் சுற்றி எடுத்துப் போய் வருகிறார். ஒப்படைத்த வாரங்களில் திருடனுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று அவரிடம் கேட்டேன், சிரித்தார்.

ஏர் ரைபிளுக்குக் கிளப் இருக்கிறது, ஞாயிறுதோறும் போகிறேன். 12 போருக்கு மண் தட்டு எறியும் தளம் எங்கள் பக்கத்தில் இல்லை, தோட்டத்தில் சும்மா சுட்டுப் பழகவும் முடியாது. இப்போதைக்கு மருந்தில்லாத பயிற்சித் தோட்டா போட்டுத் தோளுக்கு எடுப்பதும் மடக்குவதுமாகப் பழகுகிறேன். டிராப் தளம் இருக்கிற ஊரில் உறுப்பினர் ஆக விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், அந்தக் கோப்பும் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.