பச்சை உடம்புக்காரியும் கைப்பேசியும்

கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடிய பெண்கள், குழந்தை பிறந்த சில நாட்களில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும்போது அளவு இறங்கியிருப்பதைக் கண்டு அடையும் நிம்மதியை நான் அருகிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் இனிப்பைத் தவிர்த்து, சோற்றை அளந்து சாப்பிட்டு, சிலர் நாள்தோறும் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்ட பிறகு கிடைக்கும் நிம்மதி அது. ஆனால், அந்த நாளிலிருந்தே அவர்கள் எங்கள் பார்வையிலிருந்து மறையவும் தொடங்குகிறார்கள். மதுரையில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கும் நான், இப்படி வீடு திரும்பும் தாய்மார்களைக் கைப்பேசி வழியாகத் தொடர்ந்து கவனிக்கும் வேலையையும் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் கூடுதலாகச் சுரக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடை நீங்குகிறது, ஆனால் கணையத்தின் பலவீனம் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, கர்ப்பத்தில் சர்க்கரை கூடாத பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பதில் தமிழ்நாடு பின்தங்கியதில்லை. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவருடன் உழைத்தவர்களும் எளிமைப்படுத்திய சோதனையில், கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று 2007இல் தமிழக அரசு ஆணையிட்டது. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10 இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் மறுபடியும் 75 கிராம் சோதனையை, இம்முறை வெறும் வயிற்றில், செய்ய வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலும் சொல்கிறது. பலர் அதற்கு வருவதில்லை. இந்த ஆறாவது வாரத்தில்தான் சங்கிலி அறுகிறது.

காரணம் பெண்களின் அலட்சியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போவார்கள். உசிலம்பட்டியில் பேறு பார்த்துக்கொண்டவர் திருப்பூரில் கணவருடன் குடியிருப்பார். இந்த இடமாற்றத்தில் மருத்துவமனைக் கோப்பு ஓர் ஊரிலும், சுகர் சீட்டு வேறோர் ஊரின் பீரோவிலும் தங்கிவிடுகின்றன. குழந்தையின் தடுப்பூசி அட்டை மட்டும் எங்கேயும் தொலைவதில்லை. தாயோடு கூடவே பயணம் செய்யும் இன்னொரு பொருள் கைப்பேசி என்பதால்தான் இந்த முயற்சியே தொடங்கியது.

கைப்பேசிச் செய்தியால் நீரிழிவைத் தடுக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 537 பேரில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. ஆனால் அந்த 537 பேரும் வேலைக்குச் செல்லும் ஆண்கள். அவர்கள் சட்டைப் பையில் இருந்தது அவர்களுடைய சொந்தப் போன். செய்தி வந்தால் படிக்க நேரமும் இருந்தது. அந்த முடிவை அப்படியே ஓர் இளம் தாய்க்குப் பொருத்திப் பார்ப்பவர்கள், முதலில் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் இந்தியா முழுவதும் 54 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அந்தப் போன்களில் எத்தனையில் வாட்ஸ்அப் உண்டு என்பது வேறு கணக்கு. வார்டில் ஒருவரிடம் எண் கேட்டால், கணவரின் எண்ணைத்தான் பெரும்பாலும் சொல்வார். அவர் காலையில் வேலைக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்கு வருவார். நாங்கள் காலை உணவுக்காக அனுப்பிய குறிப்பு அப்போதுதான் மனைவியின் கண்ணில் படும், பட்டால். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளில் நான் கேட்கும் கேள்விகள் இப்போது மாறிவிட்டன. எந்தப் போனில் பேசுவீர்கள், எந்த நேரத்தில் அது உங்கள் கைக்கு வரும், எழுத்தாக அனுப்பலாமா, குரலாக அனுப்பலாமா?

குரலா எழுத்தா என்பது சின்ன விஷயமல்ல. ஒரு கையில் குழந்தையை ஏந்திப் பால் கொடுக்கும் பெண்ணுக்கு எழுத்தைப் படிப்பதும் பதில் தட்டுவதும் கடினம். அரை நிமிடக் குரல் பதிவு எளிது. இரவு ஒரு மணிக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் எனக்குப் பதில் பதிவுகள் வந்து கிடக்கும், பின்னணியில் தொட்டில் கயிற்றின் சத்தத்தோடு. ஆனால் கர்ப்பத்தில் சுகர் இருந்ததைப் புகுந்த வீட்டில் சொல்லாமலே வைத்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். கூடத்தில் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டால் அவருடைய நிலைமை என்ன ஆகும் என்று யோசிக்காமல் அனுப்பும் செய்தி, உதவி என்ற பெயரில் செய்யும் கெடுதல். அப்படிப்பட்டவர்களுக்கு எழுத்து மட்டும்தான், அதிலும் சுகர் என்ற சொல் இல்லாமல்.

உணவைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் ஆயத்தச் செயலிகள் எங்களுக்கு அதிகம் உதவவில்லை. கலோரிப் பட்டியலில் ஓட்ஸும் சாலடும் பழுப்பு ரொட்டியும் இருந்தன. பிள்ளை பெற்றவளின் தட்டில் இருப்பவையோ பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய பிரசவ லேகியம், இவற்றோடு குழைந்த சோறு. இந்தப் பத்தியச் சாப்பாட்டில் பெரும்பகுதி நல்ல உணவு என்பது என் உறுதியான கருத்து. சுறாப் புட்டு புரதம் மிகுந்தது. கீரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கவனிக்க வேண்டியவை சோற்றின் அளவு, லேகியத்தின் அளவு, பால் ஊறும் என்று வேளைக்கு வேளை கொடுக்கும் சர்க்கரை போட்ட பானங்கள், ரஸ்க்குகள் ஆகியவை மட்டுமே.

ஒரு பெண் தன் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தட்டின் ஓரத்தில் இன்னொரு கை, இரண்டாவது கரண்டிச் சோற்றுடன், படத்துக்குள் நுழைந்திருந்தது. அது அவருடைய அத்தையின் கை. நான் அந்தப் பெண்ணுக்கு அறிவுரை எதுவும் அனுப்பாமல், அத்தையிடம் பேசலாமா என்று கேட்டேன். வீடியோ அழைப்பில் வந்த அந்த அம்மா, வந்ததும் கேட்டார்:

"பச்ச உடம்புக்காரிக்குச் சோத்தக் குறைக்கச் சொன்னா பிள்ளைக்குப் பால் எப்படிம்மா ஊறும்?"

"வயித்தக் காயப்போடச் சொல்லலம்மா. ரெண்டாவது தடவ வைக்கிற சோத்துக்குப் பதிலா ஒரு துண்டு மீனும் கொஞ்சம் கீரையும் சேத்து வைங்க. பால் நல்லா ஊறும். பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கொடுக்க உங்க மருமகளுக்கும் பின்னாடி சுகர் வர்றது குறையும்."

கடைசியாகச் சொன்னது சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. தாய்ப்பால் அதிகமாகவும் நீண்ட காலமும் கொடுத்த பெண்களிடையே நீரிழிவு குறைவாகக் காணப்படுவதைக் கலிஃபோர்னியாவில் இத்தகைய தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த படங்களை எடுத்தவரே அத்தைதான். சமையலறையில் முடிவெடுப்பவரை விட்டுவிட்டுச் சாப்பிடுபவருக்கு மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு.

நடையை எண்ணும் வசதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டு வேலை செய்யும்போது போன் சார்ஜரிலோ அலமாரியிலோ இருக்கும். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் களைத்தவருக்கு இரவில் 900 அடி என்று திரை காட்டினால் மனம் சோர்ந்துபோகும். ஆகவே அடிக்கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாவது மொட்டை மாடியில் நடக்கச் சொல்கிறோம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்குகிறார்கள்.

எங்கள் முயற்சியில் மிகவும் பயன் தந்தது எதுவென்று கேட்டால், ஆறாவது வாரத்துச் செய்தி என்பேன். குழந்தைக்கு 6, 10, 14 ஆம் வாரங்களில் தடுப்பூசி உண்டு. ஆறாவது வார ஊசிக்கு முந்தைய நாள் மாலை, "நாளைக்குப் பாப்பாவுக்கு ஊசி, நீங்கள் வெறும் வயிற்றோடு வாருங்கள், உங்களுக்கும் சுகர் பார்த்துவிடலாம்" என்று குரல் பதிவு போகும். தாய்க்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்க முடியாத வீடும் குழந்தையின் ஊசியைத் தவறவிடுவதில்லை. அன்று தவறினால் 10ஆம் வாரம், அதுவும் தவறினால் 14ஆம் வாரம் என்று மறுபடியும் அழைக்க முடிகிறது.

இதையெல்லாம் செய்தாலும் பலன் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 19 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,600 தாய்மாரிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், குழுச் சந்திப்பும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்த ஓராண்டு வாழ்க்கைமுறைத் திட்டம் சர்க்கரை நிலை மோசமாவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. மறுபக்கம், அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்பு கர்ப்பகால நீரிழிவு இருந்த பெண்களிடம் தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டம் ஆபத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோது அவர்களுடைய அந்தப் பிரசவம் முடிந்து சராசரியாக 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. கைக்குழந்தையோடு தூக்கமின்றி இருக்கும் முதல் ஆண்டில் எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவதைவிட, அந்த ஆண்டில் பரிசோதனையையும் தொடர்பையும் காப்பாற்றிக்கொண்டு, குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு உணவிலும் பயிற்சியிலும் தீவிரம் காட்டுவதே பொருத்தம் என்று இந்த இரண்டு முடிவுகளையும் என் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் திட்டங்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் ஆளும் பணமும் ஒதுக்குகிறார்கள். தொடர்பு தேவைப்படும் காலமோ அதன் பிறகும் நீள்கிறது.

ஓராண்டு முடிந்த பின்னும் எங்கள் எண்ணை அழிக்காமல் வைத்திருந்த ஒரு பெண், மகளுக்கு ஒன்றரை வயதில் போடும் ஊசி நெருங்கியபோது, இரண்டாவது குழந்தைக்கு முயலலாமா என்று அண்மையில் கேட்டிருந்தார். ஊசி போட வரும் அன்றே சுகர் பார்த்துவிடலாம் என்றேன். வெறும் வயிற்றில் 114 இருந்தது. நீரிழிவு இல்லை, ஆனால் எல்லைக்கோட்டு அளவு. கருத்தரிப்பதைச் சில மாதங்கள் தள்ளிவைத்து முதலில் எடையைக் குறைப்பது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுத்திருக்கிறார். இந்த வாரத்திலிருந்து அவருடைய இரவுச் சாப்பாட்டை மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.