சர்க்கரை உள்ள பூனை சாப்பாட்டை நிறுத்தியபோது

சர்க்கரை நோய் உள்ள பூனை சாப்பிடாமல் போனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும்; தள்ளாடும், வலிப்புகூட வரும். சரி, ஊசியே வேண்டாம் என்று விட்டால் உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பித்து, அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் ஏறும். அதுவும் உயிருக்கு ஆபத்துதான். போதாக்குறைக்கு, பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படியலாம், குண்டுப் பூனை என்றால் இன்னும் கவலை. எங்கள் முத்து குண்டுதான். 11 வயது, கருத்தடை செய்த ஆண் பூனை, காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் 2 யூனிட் கிளார்ஜின் இன்சுலின்.

கிண்ணத்தை வைத்தால் ஓடி வருவான். முகர்ந்து பார்ப்பான். உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். டாக்டருக்கு இந்த வர்ணனையே போதுமாக இருந்தது. பசி இல்லாத பூனை கிண்ணத்துப் பக்கமே வராது, இவனுக்குப் பசி இருக்கிறது, குமட்டல்தான் விடவில்லை என்றார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கணையத்தில் அழற்சி என்று காட்டின. சர்க்கரை உள்ள பூனைகளுக்கு இது அடிக்கடி வருகிறதாம்.

இதற்கிடையே வீட்டில் அம்மா வேகவைத்த சங்கரா மீன், கோழி ஈரல், கடையில் வாங்கிய பவுச் என்று ஒரு விருந்தே பரப்பிவிட்டார். மூக்குக்கு வாசனை எட்டட்டும் என்று இளஞ்சூடாக வைப்பது நல்ல யோசனைதான். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மட்டும் கூடவே கூடாது, அது பூனைக்கு விஷம். ஆனால் குமட்டும்போது மூக்கருகே நீட்டிய சாப்பாட்டைப் பூனை உடம்பு தேறிய பிறகும் வெறுக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். ஸிரிஞ்சில் வாய்க்குள் பீய்ச்சி ஊட்ட வேண்டாம் என்றதும் அதனால்தான். முதலில் குமட்டலுக்கு மாரோபிடன்ட், ஒன்டான்செட்ரான், வலிக்கு ஊசி, அப்புறம்தான் பசியைத் தூண்ட மிர்டாசபின். அது மனிதர்களின் மனச்சோர்வு மாத்திரை. 15 மில்லிகிராம் மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேஷன்ட் முத்து யாரு, உங்க அப்பாவா?" என்று கேட்டார். மாத்திரை போட்ட ராத்திரி முழுக்க முத்து வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தினான். அது தெரிந்த பக்க விளைவுதான். கத்தினானே தவிர, சாப்பிட்டது இரண்டு வாய்.

காது ஓரத்தில் குத்தி எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 380. சிறுநீர் கழிக்க உட்காரும்போது பின்னாலிருந்து குழிக்கரண்டியை நீட்டி, பிடித்த சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப்பை நனைத்தால் லேசான ஊதா நிறம். (அந்தக் கரண்டி இப்போது சமையலறைக்குள் வரக்கூடாது.) ஊதா என்றால் கீட்டோன் இருக்கிறது என்று அர்த்தம்; அதைச் சொன்னதும் டாக்டர் உடனே கூட்டி வரச் சொன்னார். டிரிப்ஸ் ஏற்றிக் கீட்டோனை இறக்கிய பிறகு, கழுத்து வழியாக உணவுக் குழாய் வைக்கலாமா என்று கேட்டார். சம்மதிக்க மனசே வரவில்லை. குழாய் என்றால் கடைசிக் கட்டம் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

உண்மையில் சிக்கலை அவிழ்த்தது அந்தக் குழாய்தான். எவ்வளவு உள்ளே போனது என்று மில்லிலிட்டர் கணக்கில் தெரியும். அதைப் பார்த்து இன்சுலினை முடிவு செய்யலாம். மாத்திரையைப் பொடித்து அதிலேயே கொடுக்கலாம், வாயைப் பிளக்கும் போராட்டம் இல்லை. அவனுடைய ஐந்தரைக் கிலோ உடம்புக்கு நாளுக்குச் சுமார் 250 கலோரி; பட்டினி கிடந்த உடம்பு என்பதால் முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பவுச் உணவை மிக்ஸியில் கூழாக்கி, வடிகட்டி, வெதுவெதுப்பாக, மெதுவாகத் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் வெந்நீர் கலந்த தண்ணீர் விடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கழுத்துக் கட்டைப் பிரித்துத் துளையைச் சுத்தம் செய்வதுதான் எனக்குப் பிடிக்காத வேலை, அதை அம்மாவே செய்தார்.

ஊசிக்கு எங்களுக்குச் சொன்ன விதி: முதலில் சாப்பாடு, அது தங்கிவிட்டதா என்று பார்த்து, சர்க்கரையை அளந்து, அப்புறம் ஊசி. வாந்தி எடுத்தாலோ அளவு 150க்குக் கீழே இருந்தாலோ ஊசி போடாமல் போன் செய்ய வேண்டும். இந்த எண் முத்துவுக்குச் சொன்னது, உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தள்ளாடினால் ஈறில் தடவ குளுக்கோஸ் கரைசல் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது.

கழுத்தில் குழாய் இருந்தாலும் பூனை வாயால் சாப்பிடலாம். அதனால் கிண்ணத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமல், பார்க்காமல் விட்டோம். ஒருநாள் காலி. மறுநாள் பாதி. பல நாள் தொடர்ந்து முழு அளவும் வாயாலேயே சாப்பிட்ட பிறகுதான் குழாயை எடுத்தார்கள். தையல்கூடப் போடவில்லை, துளை தானாக மூடிக்கொண்டது.

கணைய அழற்சி திரும்பவும் வரக்கூடியது. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த ஒன்டான்செட்ரான் வீட்டில் எப்போதும் இருக்கிறது, கீட்டோன் ஸ்ட்ரிப்பும் கரண்டியும் குளியலறை அலமாரியில். கிண்ணத்தின் முன் உட்கார்ந்து உதட்டை நக்கினான் என்றால் அடுத்த வேளைக்குக் காத்திருப்பதில்லை, உடனே போன்தான்.