மௌசி இல்லாத ஜூன் மாதம்

தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பள்ளி. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே கணக்கு நடத்துகிறேன். இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது மௌசி இல்லை. ஓய்வு பெற்றுவிட்டார். மும்பையில் பள்ளி ஆயாவை மௌசி என்றுதான் அழைப்போம். இந்தியில் சித்தி என்று பொருள். தமிழ் தெரியாமல் வந்தவர், எங்கள் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டு, மாணவிகளைத் திருநெல்வேலிக்காரர்களைப் போல ‘ஏட்டி’ என்று கூப்பிடுவார்.

ஏழாம் வகுப்பில் 26 மாணவிகள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மதிய இடைவேளை முடிந்த பிறகு மேசைகளைப் பார்த்தேன். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்கள் அப்படியே இருந்தன. எண்ணினேன்: 17. கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் என் காதருகே வந்து, "குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே டீச்சர்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். காலையில் யாரோ ஒரு முறை கழுவிவிட்டுப் போகிறார். பத்து மணிக்கெல்லாம் நாற்றம். தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. வீட்டில் தனிக் கழிப்பறை இல்லாமல், சந்துக்குப் பொதுவானதில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இவர்கள். இங்கேயும் இப்படியா?

மௌசியின் இரும்பு அலமாரியில் பழைய சீருடைப் பாவாடை இரண்டு, செய்தித்தாளில் பொதிந்த நாப்கின்கள், ஊக்குகள், ஒரு டப்பா குளுக்கோஸ் எப்போதும் இருக்கும். மாதவிடாய் வந்த பிள்ளை என்னிடம் வர மாட்டாள். நேரே அவரிடம் போவாள், அரை மணி நேரத்தில் வகுப்பில் இருப்பாள். இப்போது அதே பிள்ளைகள் மூன்று நாள், நான்கு நாள் வருவதில்லை. பின்னம் நடத்திய வாரம் வராதவளுக்கு அடுத்து வந்த விகிதமும் புரியவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்து, அதன் அட்டவணையை மறுபடியும் படித்தேன். தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், மைதானம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலை நாட்கள், எல்லாம் இருக்கின்றன. அந்தக் கழிப்பறையைக் கழுவுகிறவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. மதிய உணவுத் திட்டத்தில் சமையல் உதவியாளருக்காவது கணக்கு உண்டு: 25 பிள்ளைகள் வரை ஒருவர், 100 வரை இருவர். அவர்களுக்கும் 2009இல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 10 மாதங்களுக்குத்தான். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது.

மௌசியிடம் தொலைபேசியில் புலம்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கிறார், கையில் புதுத் தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும். இருவருமாகப் பொருத்தினோம். துடைப்பத்தை எடுக்கப் போனவரைத் தடுத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். ஓய்வு பெற்றவரிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது அநியாயம்.

அன்றே நிர்வாகத்துக்கு மூன்றாவது மனுவை எழுதினேன். முழு நேர ஆயா ஒருவர் வேண்டும், நிரந்தரப் பணியில். கீழே பாட்டில் கணக்கையும் சேர்த்தேன்: 26க்கு 17.