கிழவர் வேடத்துக்கு ஆள் இல்லை

ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் "இனிமேலாவது நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். முதல் வாரம் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். அடுத்த வாரம் யாராவது கதவைத் தட்டி, "சார், கேரம் ஆடுவீங்களா?" என்று கேட்பார். ஆடுவேன் என்றால் கேரம் குழு. ஆடத் தெரியாது என்றால், "அப்போ சேர்ந்திசைக் குழுவுக்கு வந்துடுங்க." எனக்குப் பாட வராதே என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஏற்கெனவே அந்தக் குழுவில் இருப்பவர்களைக் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும், பாட வருவது அங்கே ஒரு நிபந்தனையே இல்லை.

இந்த வம்பையெல்லாம் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் டெல் வெப் என்ற அமெரிக்கக் கட்டுமானக்காரர். அரிசோனாவில் 1960 ஜனவரி 1 அன்று 'சன் சிட்டி' என்ற ஊரைத் திறந்தார். மாதிரி வீடுகளோடு கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்கு மன்றம், கடைத்தெரு எல்லாவற்றையும் முதலிலேயே கட்டிக் காட்டினார். வயதானவர்கள் வீட்டை வாங்கவில்லை, அந்த மன்றத்தைத்தான் வாங்கினார்கள் என்பது என் கட்சி. அன்றிலிருந்து இந்த மாதிரிக் குடியிருப்பு எங்கே இருந்தாலும் அறிவிப்புப் பலகையில் காலி இடம் இருப்பதில்லை.

எங்கள் பலகையில் செவ்வாய்க்கிழமை மாலை என்றால் டம்போலா. ஒரு சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், ஆக மொத்தம் 15. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண்களைக் கலைத்து அழைப்பார்கள், சீட்டில் இருப்பதை அடித்துக்கொண்டே வந்து ஒரு வரிசை முடிந்ததும் பரிசு கோரலாம். குழந்தைகள்கூட சண்டையில்லாமல் ஆடுகிற ஆட்டம். எங்கள் இடத்தில் எண்களை அழைப்பவர் முன்னாள் தணிக்கை அதிகாரி. 'மேல் வரிசை' என்று யாராவது கையைத் தூக்கினால் சீட்டை வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அடுத்த எண்ணை அழைப்பதற்குள் உரிமை கோர வேண்டும் என்பது விதி. அந்த விதியை வைத்து ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்திருக்கிறது. கோரியவர் தூங்கிவிட்டார், பக்கத்தில் இருந்தவர் எழுப்பிவிட்டுத்தான் கோரினார், எழுப்புவது உதவியா, மோசடியா? இன்னும் தீர்ப்பு வரவில்லை. அறுபது, எழுபது, இருபது எல்லாம் ஒரே மாதிரி காதில் விழுகிறது என்று புகார் வந்ததிலிருந்து "அறுபது, ஆறு பூஜ்யம்" என்று இரண்டு தடவை சொல்கிறார். "பூஜ்யம்" என்பதைக் கேட்டுவிட்டு மைதானம் முழுக்க "என்ன எண்?" என்கிறது.

நடனக் குழு வந்த கதை தனி. எங்களில் ஒருவர் மருத்துவர். 2003இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றை நகலெடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தார். 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். உடலை அசைத்துச் செய்கிற பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுக்குத்தான் மறதிநோய் குறைவதோடு தொடர்பு தெரிந்ததாம். நடைப்பயிற்சிக் குழுவினர் முகம் வாடிவிட்டது. உடனே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் எழுந்து, "தொடர்பு வேற, காரணம் வேற. மூளை நல்லா இருக்கறவங்கதான் ஆடப் போயிருப்பாங்களோ என்னவோ?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் அவர் மனைவி நடனக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடலாம் என்று முடிவாகி, அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு வீடு, ஒரு டிவி, ஒரு ரிமோட். தாத்தா, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன். தாத்தாவுக்கு வயது 75. அவருக்குத்தான் வசனம் அதிகம், சிரிப்பும் அவருக்குத்தான். நடிகர்கள் முந்தியடித்துக்கொண்டு வருவார்கள், தேர்வு வைக்க வேண்டியிருக்கும் என்று கலைக்குழுச் செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகமே வாங்கி வைத்திருந்தார்.

மகன் வேடத்துக்கு ஐந்தாறு பேர் வந்தார்கள். மருமகளாக நடிக்கப் பாட்டிமார் இருவர், அதில் ஒருவருக்குக் கொள்ளுப்பேரன் இருக்கிறான். பேரன் வேடத்துக்கு 84 வயதுக்காரர் ஒருவர், முன்னாள் ரயில்வே அதிகாரி, விண்ணப்பம் எழுதியே கொண்டுவந்துவிட்டார். "போன்ல பேசினா எல்லாரும் என்னை என் பையன்னு நினைக்கறாங்க சார். குரல் இருக்கு. முகத்துக்கு மேக்கப் போட்டுக்கலாம்" என்றார். எவ்வளவு மேக்கப் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

தாத்தா வேடத்துக்கு ஒருவர்கூட வரவில்லை.

நாங்களே தேடிப் போனோம். முன்னாள் தலைமையாசிரியரைக் கேட்டோம். "என்னையா? அடுத்த பிளாக்ல ஒருத்தர் இருக்கார், அவருக்கு நல்லா வயசாயிடுச்சு. அவர்தான் பொருத்தம்" என்றார். அடுத்த பிளாக்காரர், "நான் இங்க இளவட்டம் சார். மாடியில போய்க் கேளுங்க" என்றார். மாடியில் இருந்தவர் தரைத்தளத்தைக் காட்டினார். இப்படி ஆளுக்கு ஆள் கையைக் காட்டக் காட்ட, கடைசியில் குடியிருப்பிலேயே மூத்தவரான 93 வயதுப் பெரியவரிடம் போய் நின்றோம். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதவருகே வந்து, விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "எனக்கு அப்படித் தள்ளாடி நடக்கறதெல்லாம் வராதேப்பா. இயற்கையா இருக்காது."

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டென்மார்க்கில் எடுத்து 2006இல் வெளியான ஆய்வொன்று, நாற்பதைத் தாண்டியவர்கள் தங்கள் உண்மையான வயதைவிடச் சராசரியாக 20 சதவீதம் இளமையாக உணர்கிறார்கள் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபது வயதுக்காரருக்கு உள்ளூர 56. எண்பதுக்கு 64. எங்கள் 93 வயதுப் பெரியவருக்கே 74 சொச்சம். நான் எழுதிய தாத்தாவுக்கோ 75. அந்த வயதை எட்டிய ஆள் எங்கள் குடியிருப்பிலேயே கிடையாது என்று ஆகிறது. செயலாளரிடம் இதைச் சொன்னேன். அவர், "அப்போ 65ஆ குறைச்சிடுங்களேன்" என்றார். 65 வயதுத் தாத்தாவுக்கு 84 வயதில் பேரன். சரிப்படாது என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் வேடம் யாருக்குப் போனது என்றால், பராமரிப்புப் பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் தம்பிக்கு. வயது 24. மேடை விளக்கு மாட்ட ஏணியில் நின்றுகொண்டிருந்தவன், ஒத்திகையில் யாரும் படிக்காமல் விட்ட தாத்தா வசனத்தை மேலேயிருந்தே ஒரு வரி சொல்லிக் காட்டினான். இருமலோடு. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அவனை அங்கேயே ஒப்பந்தம் செய்துவிட்டோம், கீழே இறங்கச் சொல்லாமலே.

ஒத்திகைகளில் பெரிய பிரச்சினை வசனம் அல்ல, வசனம் எடுத்துக் கொடுப்பது. வயதாகும்போது முதலில் குறைவது உச்சத்தில் ஒலிக்கும் ஓசைகளைக் கேட்கும் திறன். உயிரோசை கேட்கும், மெய்யோசைகள், அதிலும் ச, த மாதிரியானவை, நழுவிவிடும். பேசுவது கேட்கிறது, என்ன பேசினார்கள் என்பதுதான் புரிவதில்லை. கிசுகிசுப்பில் குரலே கிடையாது, வெறும் காற்றோசைதான். ஆகவே எழுபதைத் தாண்டிய நடிகருக்குத் திரைக்குப் பின்னால் நின்று கிசுகிசுப்பாக வசனம் எடுத்துக் கொடுப்பதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று. எங்கள் பிராம்ப்டர் அம்மா, முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியை, இரண்டே ஒத்திகையில் இதைப் புரிந்துகொண்டு மைதானக் குரலுக்கு மாறிவிட்டார். விளைவு, ஒவ்வொரு நகைச்சுவை வசனமும் முதலில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கே சிரித்துவிட்டார்கள். பிறகு மகனாக நடித்தவர் அதையே முகபாவத்தோடு சொன்னபோது அரங்கம் மௌனமாக இருந்தது. "என் டைமிங் சரியில்லையா?" என்று என்னிடம் கவலையோடு கேட்டார். டைமிங்கில் குறையே இல்லை, ஆள்தான் இரண்டாவது.

விழா நாள். மாலை நான்கு மணி என்று போட்டிருந்தோம். மூன்றரைக்கே அரங்கம் நிறைந்துவிட்டது, முன்வரிசைக்காக மூன்று மணிக்கே சிலர் வந்து கைக்குட்டை போட்டிருந்தார்கள். எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்பதால் இங்கே எதுவும் தாமதமாகத் தொடங்காது. தாமதமாக முடிவதுதான் வழக்கம், அதற்குக் காரணம் தலைவர் உரை.

இந்த இடத்தில் எங்கள் அரங்கத்தின் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். தரையோரமாகச் சுற்றிலும் ஒரு செம்புக் கம்பி ஓடுகிறது. மைக்கில் பேசுவது அந்தக் கம்பி வழியாகக் காந்தப்புலமாக மாறி, காதுக் கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற குட்டிச் சுருளில் போய்ச் சேரும். கருவியை 'டி' நிலைக்கு மாற்றிக்கொண்டால் சுற்றுப்புற இரைச்சல் எதுவும் இல்லாமல் மைக்கில் வருவது மட்டும் காதுக்குள் தெளிவாக ஒலிக்கும். அருமையான ஏற்பாடு. அரங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் 'டி'யில்தான் இருந்தார்கள்.

தலைவர் உரை தொடங்கியது. திரைக்குப் பின்னால் நடிகர்கள் சட்டையில் காலர் மைக் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டவர் அந்த மைக்குகளை ஸ்பீக்கரில் நிறுத்தி வைத்திருந்தார். தரையோரக் கம்பி வளையத்துக்குப் போகிற வழியை நிறுத்தவில்லை. மருமகளாக நடிக்க இருந்த அம்மா பக்கத்தில் நின்றவரிடம் பேச ஆரம்பித்தார்.

"போன வருஷமும் இதே பேச்சுதான். ஒரு வரி மாறலை பாருங்க. இப்போ 'வயது என்பது வெறும் எண்'னு சொல்வார்."

மேடையில் தலைவர், "நண்பர்களே, வயது என்பது வெறும் எண்..." என்றார்.

அரங்கத்தில் பாதி வெடித்துச் சிரித்தது. மீதிப் பாதி, அதாவது காது நன்றாகக் கேட்கிறவர்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமல் அக்கம்பக்கம் பார்த்தார்கள்.

"அடுத்து கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார்." துடைத்தார். சிரிப்பு. "இப்போ அவரோட டெல்லி அனுபவம்." டெல்லி வந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கையைத் தட்டினார். தலைவர் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். முகம் மலர்ந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மனதிலிருந்து பேசுகிறேன் என்று மறுபடி ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் பேசி முடித்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்கள் அனைவரும் காதுக் கருவி அணிந்தவர்கள். இதுவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், மனிதர் அதற்கப்புறம் எல்லோரிடமும் பிரியமாக இருக்கிறார்.

நாடகம் பிரமாதமாகப் போனது, முக்கியமாகத் தாத்தாவால். எலக்ட்ரீஷியன் தம்பி தினமும் ஏதோ ஒரு வீட்டுக்குள் போய் வருகிறவன். நாங்கள் அவனை ஸ்விட்ச் போர்டோடு விட்டுவிட்டு எங்கள் போக்கில் இருப்போம்; அவன் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். முழங்காலில் கை ஊன்றி, மூன்று வரை எண்ணுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தான். போனை ஒரு கை தூரத்துக்கு நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, தெரியாமல் டார்ச்சைப் போட்டுக் கண்ணில் அடித்துக்கொண்டு, "யாரு பேசறது?" என்றான், மணி அடித்து ஓய்ந்த பிறகு. நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டே சோபாவுக்கு அடியில் கண்ணாடியைத் தேடினான். மருந்துப் பெட்டியைத் திறந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று மாத்திரை இருப்பதை வைத்துக் கண்டுபிடித்தான்.

அரங்கம் அதிர்ந்தது. முன்னாள் தலைமையாசிரியர் என் தோளைத் தட்டி, "அடுத்த பிளாக்காரரை அப்படியே உரிச்சு வச்சிருக்கான் சார்!" என்றார். அடுத்த பிளாக்காரர் மாடிவீட்டுக்காரரைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். 93 வயதுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கூர்ந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் மிகைப்படுத்தறான்" என்றார்.

பேரனாக நடித்த ரயில்வே அதிகாரியும் சோடை போகவில்லை. தலைகீழாகத் தொப்பி, காதில் ஹெட்ஃபோன், தாத்தாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடும் காட்சி. ஓடவேண்டாம், வேகமாக நடந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஓடினார். தாத்தாதான் பேரன் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனார். அதுதான் நாடகத்திலேயே பெரிய கைதட்டல் வாங்கிய இடம், நான் எழுதாத ஒரே இடம்.

வேடம் கலைந்து வெகுநாள் ஆகியும் அவர்கள் இருவருக்கும் அந்த உறவு மட்டும் கலையவில்லை. நேற்றுப் பராமரிப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்டர்காம் அடித்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான். "தாத்தா, என் பாத்ரூம் லைட் எரியலை, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றது 84 வயதுக் குரல்.

"இதோ வரேன்டா கண்ணு" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.