நாவின் அடியில் ஒரு நிமிடம்

2023 ஜூன் 10, நிஷி-கசாய், தோக்கியோ

இன்று முதல் மாத்திரை. மருத்துவர் கண்ணெதிரிலேயே நாவின் அடியில் வைத்துக்கொண்டேன். வாய்க்குள் போனதுமே கரைந்துவிட்டது. ஒரு நிமிடம் விழுங்காமல் வைத்திருந்து, பிறகு விழுங்க வேண்டும். அடுத்த 5 நிமிடம் தண்ணீர்கூடக் கூடாது. ஏதாவது ஆகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள்.

மாத்திரையில் இருப்பது சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் மகரந்தச் சாறு. ஒவ்வாமை தரும் அதையே தினமும் சிறிதளவு கொடுத்து உடலைப் பழக்குவதுதான் இந்தச் சிகிச்சை. ஒன்பது வசந்தங்களாக என்னைத் தும்ம வைத்து, கண்ணைக் கசக்க வைத்து, இரவில் மூக்கடைத்துத் தூங்கவிடாமல் செய்த அதே மரம். மகரந்தம் பறக்கும் பருவத்தில் இதைத் தொடங்குவதில்லை. அதனால்தான் மார்ச்சில் கேட்டபோது, ஜூனில் வரச் சொன்னார்கள்.

2023 ஜூன் 20

முதல் வாரம் 2000 அலகு, இப்போது 5000. நாவின் அடியும் காதின் உட்புறமும் அரிக்கின்றன. பொறுக்க முடிகிற அரிப்புதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் மொட்டையாகிக் கிடந்த மலைகளில், வீடு கட்ட மரம் வேண்டுமென்று சுகியையும், ஹினோக்கி என்ற இன்னொரு ஊசியிலை மரத்தையும் நட்டுக்கொண்டே போனார்கள். அவை வளர்ந்து முற்றி, இன்று மகரந்தத்தைக் கொட்டுகின்றன. 2019 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் சுகி ஒவ்வாமை மட்டுமே ஏறத்தாழ 39 சதவீதம் பேருக்கு. சென்ற மாதம் அரசு அறிவித்த திட்டத்தில், 10 ஆண்டுகளில் சுகித் தோப்புகளை 20 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மரத்தை வெட்டி முடிக்கும்வரை மனிதர்கள் என்ன செய்வது? இந்த மாத்திரை இன்னும் பல மடங்கு பேருக்குக் கிடைக்க வேண்டும்.

2023 நவம்பர் 4

நான்கு நாள் விட்டுப்போய்விட்டது. தும்மல் இல்லை, அரிப்பு இல்லை. நோயே இல்லாத மாதத்தில் மருந்தை நினைவில் வைத்திருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் மிகக் கடினமான பகுதி. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள் என்று மருந்துக்கடைப் பெண்மணி வருத்தத்தோடு சொன்னார். இன்று முதல் பொறுப்பு மகளுடையது. நான் வாயை மூடிக்கொண்டிருக்க, அவள் ஒன்றிலிருந்து அறுபதுவரை தமிழில் எண்ணுகிறாள். முப்பத்தொன்பதிலிருந்து நேராக ஐம்பதுக்குத் தாவுகிறாள். திருத்த என்னால் வாய் திறக்க முடியவில்லை.

2024 மார்ச் 12

சுகி உச்சத்தில் இருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு அலுவலகம் போய் வந்தேன். தும்மினேன், ஆனால் வரிசையாக இருபது இல்லை. நேற்றிரவு மூக்கால் மூச்சுவிட்டுத் தூங்கினேன். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "உன் குரலே தெளிவாக இருக்கிறதே" என்றார்.

2024 ஏப்ரல் 9

கண் எரிகிறது. சுகி ஓய்ந்து ஹினோக்கி தொடங்கிவிட்டது. இரண்டின் மகரந்தப் புரதங்களும் நெருங்கிய உறவுதான் என்றாலும், சுகிக்குப் பழகிய உடல் ஹினோக்கிக்கு முழுமையாகப் பழகுவதில்லை. அதற்கென்று தனி மாத்திரை இல்லை. என் பார்வையில் முதலில் திருத்த வேண்டிய குறை இதுதான்: மார்ச்சில் நிம்மதி, ஏப்ரலில் மறுபடி வேதனை என்பது பாதி மருத்துவம்.

2025 மே 25

இரண்டு ஆண்டுகள் நிறையப் போகின்றன. இந்த வசந்தம் சென்றதைவிட எளிதாகவே கடந்தது. நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் வந்தது.

வந்ததால் தேடிப் படித்தேன். லண்டனில் புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு, 2017இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் சிகிச்சை கொடுத்து நிறுத்தினார்கள். சிகிச்சை நடக்கும்போது பலன் இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில், வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதே நகரத்தில்தான் 1911இல் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பலன் நிலைக்க நோயாளியிடம் மூன்று ஆண்டு பொறுமையைக் கேட்கிறோம். அதைச் சுருக்கும் வழியை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்கும்வரை நான் நிறுத்தப்போவதில்லை.

மகள் இப்போது நாற்பதுகளை விடாமல் எண்ணுகிறாள். இந்த வசந்தத்தில் அவளும் கண்ணைக் கசக்கினாள். ஜூனில் அவளுக்கும் ரத்தப் பரிசோதனை.